ரெமிங்டன்: விற்பனை உச்சத்தில் இருந்த ஆண்டில் ஏலத்துக்கு வந்த கம்பெனி

2020 அக்டோபர் கடைசி வாரம். நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில், மோஹாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இலியன் என்றொரு சிற்றூர். அங்கிருந்த ரெமிங்டன் துப்பாக்கி ஆலையில் வேலை பார்த்த சுமார் 585 பேருக்கு வேலை போனது. பணிமுடிவுத் தொகை கிடையாது. சேர்த்து வைத்திருந்த விடுமுறைக்குப் பணம் கிடையாது. மருத்துவக் காப்பீடு மாதக் கடைசியோடு சரி. கொரோனா உச்சத்தில் இருந்த நேரத்தில் காப்பீடு போவது என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

அதே வாரம் அமெரிக்காவில் எந்தத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தாலும் அலமாரி பாதி காலி. தோட்டா வாங்க ஆளுக்கு இரண்டு பெட்டிதான் என்று பல கடைகளில் அட்டை தொங்கியது. பெருந்தொற்று, மே மாதத்துக்குப் பிறகு ஊர் ஊராக நடந்த போராட்டங்கள், நவம்பர் தேர்தல், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அமெரிக்க வரலாற்றிலேயே அதிகத் துப்பாக்கி விற்ற ஆண்டாக 2020 ஆனது.

கிராக்கி இல்லாமல் ஒரு கம்பெனி படுத்தால் புரிகிறது. கிராக்கி கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டும்போது 204 வயதான, நாட்டிலேயே பழைய துப்பாக்கிக் கம்பெனி எப்படித் துண்டு துண்டாக ஏலம் போகும்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். 2017இல் வந்த மந்தம்தான் கொன்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த மந்தம் எல்லாருக்கும்தான் வந்தது. செத்தவர்கள் சிலர்தான்.

தேயாத சரக்கு

முதலில் இந்த வியாபாரத்தின் சுபாவம். துப்பாக்கி தேயாத பொருள். செல்போன் மூன்று நான்கு வருடத்தில் உயிரை விடும், டயர் தேயும், சட்டை கிழியும். ரெமிங்டன் 870 என்ற ஷாட்கன் 1950 வாக்கில் சந்தைக்கு வந்தது. அன்றைக்குத் தாத்தா வாங்கியதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தால் பேரன் இன்றைக்கும் வாத்து வேட்டைக்கு எடுத்துப் போகலாம். அந்த ஒரு மாடல் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. ஆக, நன்றாகச் செய்த ஒவ்வொரு துப்பாக்கியும் செய்த கம்பெனிக்கே போட்டி. அமெரிக்கப் பொதுமக்கள் கையில் இருப்பவை சுமார் 39 கோடி என்று 2018இல் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது. அந்த நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம்.

அப்படியும் ஏன் புதிதாக வாங்குகிறார்கள்? வேட்டைக்காரர்கள், குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள், சேகரிப்பவர்கள் என்று நிரந்தர வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களால் தொழில் ஓடும், துள்ளாது. துள்ள வைப்பது ஒரே ஒரு எண்ணம்: நாளைக்கு வாங்க முடியாமல் போய்விடுமோ. நள்ளிரவு முதல் பெட்ரோல் விலை ஏறுகிறது என்று செய்தி வந்தால் அன்று மாலை பங்கில் வண்டிகள் சாலை வரை நிற்கும் அல்லவா? அன்றைக்கு விற்ற பெட்ரோல் கூடுதல் விற்பனையே கிடையாது. மறுநாள் போட வேண்டியதை முந்தின நாளே போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெட்ரோலாவது நான்கு நாளில் தீர்ந்துவிடும். துப்பாக்கி தீராது.

கடையில் என்ன நடக்கிறது என்றால், வாங்குபவர் 4473 என்ற எண் கொண்ட படிவத்தை நிரப்புகிறார். கடைக்காரர் எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனை மையத்தைத் தொடர்புகொள்கிறார். பெரும்பாலும் சில நிமிடங்களில் ‘கொடுக்கலாம்’ என்று பதில் வந்துவிடும். நாடு முழுக்க எத்தனை துப்பாக்கி விற்றது என்று நேரடிக் கணக்கு எங்கும் கிடையாது. அதனால் இந்தச் சோதனைகளின் எண்ணிக்கைதான் தொழிலின் நாடி. உரிமச் சரிபார்ப்பு மாதிரியானவற்றைக் கழித்துவிட்டு, தொழில்துறைச் சங்கமான தேசிய ஷூட்டிங் ஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷன் ஒரு கணக்கு வெளியிடும். அதன்படி 2016இல் 1.57 கோடி சோதனைகள், 2017இல் 1.4 கோடி, 2018இல் 1.31 கோடி.

துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு கொண்டுவருவாரோ என்ற பயத்தில், ஒபாமா ஆண்ட எட்டு வருடமும் இந்தத் தொழிலுக்குப் பொற்காலம். அமெரிக்காவின் சிறந்த துப்பாக்கி விற்பனையாளர் ஒபாமாதான் என்பது அந்த வட்டாரத்தில் வழக்கமான கேலி. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட்டில் உள்ள சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தடை வரும் என்ற பேச்சு எழுந்ததும், எந்த வகைத் துப்பாக்கி அங்கே பயன்பட்டதோ அதே வகை கடைகளில் தீர்ந்துபோனது. எழுதவே கை கூசுகிறது, ஆனால் விற்பனைக் கணக்கு அப்படித்தான் நகர்ந்தது. 2015 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் அதே கதை.

ஆறில் ஒரு பங்கு எப்படி மூன்றில் ஒரு பங்கானது

2016 கோடையில் தொழிலில் இருந்த எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டார்கள். ஹிலாரி கிளின்டன் ஜெயிப்பார், மக்கள் கடைக்கு ஓடி வருவார்கள், அப்போது சரக்கு இல்லாமல் கையைப் பிசையக் கூடாது. ஆலைகள் இரவும் பகலும் ஓடின. மொத்த வியாபாரிகள் குடோனை நிரப்பினார்கள். கடைக்காரர்கள் பின்னறையை நிரப்பினார்கள். நவம்பர் 8 இரவு டிரம்ப் ஜெயித்தார். மறுநாள் பங்குச் சந்தை ஏறியது. துப்பாக்கிக் கம்பெனிகளின் பங்கு மட்டும் விழுந்தது: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சுமார் 15 சதவீதம், ஸ்டர்ம் ரூகர் சுமார் 14 சதவீதம். தங்களுக்குப் பிடித்த ஆள் ஜனாதிபதியான அன்றே இவர்கள் வியாபாரம் படுத்தது. ‘டிரம்ப் ஸ்லம்ப்’ என்று எதுகையோடு பெயரும் வைத்துவிட்டார்கள்.

மேலே சொன்ன சோதனைக் கணக்கை மறுபடி பாருங்கள். 1.57 கோடியிலிருந்து 1.31 கோடி. இரண்டு வருடத்தில் ஆறில் ஒரு பங்கு குறைவு. வலிக்கும், ஆளைக் கொல்லாது. ஆனால் அமெரிக்க ஆலைகளில் தயாரான துப்பாக்கிகள் 2016இல் சுமார் 1.15 கோடி, 2017இல் 83 லட்சம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஆண்டு விற்பனை, 2017 ஏப்ரலில் முடிந்த நிதியாண்டில் 90.3 கோடி டாலர், அடுத்த நிதியாண்டில் 60.7 கோடி. கடைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் குறைந்ததற்கு ஆலை வாசலில் மூன்றில் ஒரு பங்கு அடி விழுந்தது.

காரணம் நடுவில் உட்கார்ந்திருக்கும் சரக்கு. கையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் 10 துப்பாக்கி விற்ற கடைக்காரர் இப்போது 8 விற்கிறார் என்று வையுங்கள். பின்னறையில் 60 கிடக்கிறது. அதை விற்று முடிக்கும் வரை, ஏழெட்டு வாரத்துக்கு, அவர் மொத்த வியாபாரிக்கு ஒரு ஆர்டரும் தர மாட்டார். மொத்த வியாபாரியிடம் இப்படி நூற்றுக்கணக்கான கடைகள். அவர் குடோனிலும் ஆறு மாதச் சரக்கு. அவர் எதற்கு ஆலைக்கு ஆர்டர் போடுகிறார்? வாடிக்கையாளர் பக்கம் இரண்டு குறைந்தது, ஆலைப் பக்கம் பூஜ்யமானது. அப்புறம் சரக்கைத் தள்ளுவதற்காக ரிபேட் கூப்பன், தள்ளுபடி, ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்கிற அளவுக்குப் போய், பீதி நாட்களில் ஆயிரம் டாலருக்கு மேல் கேட்ட ஏஆர்-15 வகை (ராணுவ ரைஃபிள் சாயலில் பொதுமக்களுக்கு விற்பது) ரைஃபிள்கள் 500 டாலருக்கும் கீழே கிடைத்தன.

நடுவில் இருந்தவர்கள்தான் முதலில் சாய்ந்தார்கள். கேண்டர் மவுன்டன் என்ற வேட்டை, மீன்பிடிச் சாமான் சங்கிலிக் கடை 2017 மார்ச்சில் திவால் மனு போட்டது. ஒஹையோவின் அக்குஸ்போர்ட் என்ற மொத்த வியாபாரி 2018இல். அதை வாங்கியது தென் கரோலினாவின் எலெட் பிரதர்ஸ். எலெட்டின் தாய்க் கம்பெனியே 2019 ஜூனில் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. முங்கினவனைத் தூக்கப் போனவனும் முங்கின கதை.

இலியனுக்கு மந்தம் புதிதில்லை

1816இல் எலிஃபாலெட் ரெமிங்டன் என்ற இளைஞர் அப்பாவின் உலையில் ஒரு துப்பாக்கிக் குழாய் அடித்துப் பார்த்ததில் தொடங்கியது இந்தக் கம்பெனி. ஈரி கால்வாய் வந்ததும் பட்டறையை அதன் கரைக்கு மாற்றினார். அந்த இடம்தான் பிற்பாடு இலியன். (ட்ராய் நகரத்துக்கு கிரேக்கத்தில் அதுதான் பெயர். முற்றுகையில் விழுந்த ஊரின் பெயரை எந்த நேரத்தில் வைத்தார்களோ.)

உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் அரசு ஆர்டர்கள் ஒரே நாளில் நின்றன. நல்ல மெஷின்கள், கை தேர்ந்த தொழிலாளிகள், வேலை மட்டும் இல்லை. ரெமிங்டன் குடும்பம் விவசாயக் கருவி செய்து பார்த்தது, தையல் மெஷின் செய்து பார்த்தது. 1873இல் ஒரு விசித்திரக் கருவியைச் செய்து தர ஒப்பந்தம் போட்டது. தட்டச்சுப் பொறி. தையல் மெஷின் பிரிவில் செய்ததால் முதல் மாடலில் பூ வேலைப்பாடு இருந்தது. வரி முடிந்ததும் உருளையைத் திருப்பக் காலால் மிதிக்கும் பெடலும் இருந்தது. நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர், லோயர் எழுதியவர்களுக்கு ரெமிங்டன் என்றால் மெஷின்தான் ஞாபகம் வரும். அந்தப் பெயர் ஒரு துப்பாக்கி மந்தத்தின் மிச்சம்.

ஆனால் பெயர்தான் மிஞ்சியது. பணத் தட்டுப்பாட்டில் 1886இல் தட்டச்சுத் தொழிலையே விற்றார்கள். அதுவும் போதவில்லை. அதே ஆண்டு கம்பெனி கடன்காரர்களின் பொறுப்பாளர் கைக்குப் போய், 1888இல் வேறு முதலாளிகளிடம் கைமாறியது. போர்க்கால அளவுக்குக் கட்டிய ஆலையை சமாதான காலத்தில் தீனி போட்டு வளர்க்க முடியாது என்பதை ஊர் அன்றைக்கே பார்த்துவிட்டது.

மூன்று தலை நாய்

2006இல் நியூயார்க்கின் செர்பரஸ் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம், மெய்ன் மாநிலத்தில் இருந்த புஷ்மாஸ்டர் என்ற ஏஆர்-15 கம்பெனியை வாங்கியது. 2007இல் ரெமிங்டனை, இருந்த கடனையும் ஏற்றுக்கொண்டு, சுமார் 37 கோடி டாலருக்கு. செர்பரஸ் என்பது கிரேக்கப் புராணத்தில் நரக வாசலைக் காக்கும் மூன்று தலை நாய். இலியன், செர்பரஸ் என்று இந்தக் கதையில் எல்லாமே கிரேக்கமயம்.

யோசனை எளிமையானது, காகிதத்தில் பார்த்தால் புத்திசாலித்தனமானதும்கூட. சிதறிக் கிடக்கும் பழைய குடும்பக் கம்பெனிகளை வாங்கு. ஒரே குடையின் கீழ் கொண்டு வா. செலவைக் குறை. நான்கைந்து வருடத்தில் பங்குச் சந்தையில் விற்றுவிட்டு வெளியேறு. அந்தக் குடைக்கு ஃப்ரீடம் குரூப் என்று பெயர் வைத்தார்கள். டிபிஎம்எஸ், மார்லின், ஏஏசி, பார்ன்ஸ் தோட்டா என்று கம்பெனிகளை வரிசையாக வாங்கினார்கள்.

மார்லின் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1870இல் தொடங்கிய கம்பெனி. கௌபாய் படங்களில் வருமே, விசைக் கம்பியைக் கீழே இழுத்து மேலே தள்ளித் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள், அதுதான் அவர்கள் கைவேலை. 2007 கடைசியில் சுமார் 4.2 கோடி டாலருக்கு இதை வாங்கினார்கள். 2010இல் கனெக்டிகட்டின் நார்த் ஹேவன் ஆலையை மூடப்போவதாக அறிவித்து, மெஷின்களை லாரியில் ஏற்றி இலியனுக்குக் கொண்டுபோனார்கள். மெஷின்கள் பழையவை. எதில் எவ்வளவு ஆட்டம், எந்த இடத்தில் எவ்வளவு ராவ வேண்டும் என்பதெல்லாம் முப்பது வருடம் அதன் முன் நின்றவர்களின் கைக்குத்தான் தெரியும். அந்தக் கைகள் லாரியில் ஏறவில்லை. இலியனிலிருந்து வந்த முதல் தொகுதிகளில் லீவர் மக்கர் செய்தது, குறி முள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகம் நுழையும் இடைவெளி. வாங்கியவர்கள் ‘ரெம்லின்’ என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்தார்கள்.

இப்போது கடன். 2010இல் ரெமிங்டனுக்கு மேலே இருந்த ஒரு மேல்நிலைக் கம்பெனியின் பேரில் 22.5 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். அந்தப் பணத்தில் புது மெஷின் வரவில்லை. பெரும்பகுதி செர்பரஸ் வைத்திருந்த பங்குகளைத் திரும்ப வாங்கப் போனது. வட்டி, அசல் என்று கடைசியில் அந்தச் சுமை துப்பாக்கி விற்ற காசில்தான் வந்து உட்கார்ந்தது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். தூற்றினார்கள், தப்பில்லை. நெல் செர்பரஸ் வீட்டுக்குப் போனது, களத்து வாடகை மட்டும் ரெமிங்டன் பேரில் நின்றது.

சாண்டி ஹூக்கில் பயன்பட்டது புஷ்மாஸ்டர் ரைஃபிள். நான்கே நாளில், கலிஃபோர்னியா ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி தன் முதலீட்டை மறுபரிசீலனை செய்வதாகச் சொன்ன கையோடு, செர்பரஸ் துப்பாக்கித் தொழிலை விற்கப்போவதாக அறிவித்தது. வாங்க ஆள் வரவில்லை. பங்குச் சந்தைக் கதவு மூடிவிட்டது. ஆனால் கல்லாப்பெட்டி நிரம்பி வழிந்தது. 2013இல் குழுமத்தின் விற்பனை சுமார் 127 கோடி டாலர், அதுவரை இல்லாத உச்சம்.

இந்த இடத்தில்தான், என் கணிப்பில், கம்பெனியின் விதி எழுதப்பட்டது. 127 கோடி என்பது பயத்தில் வாங்கிய ஒரு வருடத்தின் எண். அதை வழக்கமான எண்ணாக எடுத்துக்கொண்டார்கள். 2014 பிப்ரவரியில் அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் பழைய கிரைஸ்லர் ஆலைக் கட்டடத்தில் பிரம்மாண்ட ஆலை, பத்து வருடத்தில் 2,000 வேலை என்று அறிவிப்பு. மாநிலமும் நகரமும் சேர்ந்து சுமார் 7 கோடி டாலர் சலுகை. மின்னசோட்டா, ஜார்ஜியா, வட கரோலினாவில் இருந்த சின்ன ஆலைகளை மூடி அங்கே கொண்டுபோனார்கள். அதே 2014இல் பீதி அடங்கி, விற்பனை சுமார் 94 கோடிக்கு இறங்கியது. நான்கில் ஒரு பங்கு காணோம். 2,000 வேலை என்ற எண்ணைக் கம்பெனி கடைசி வரை எட்டவே இல்லை.

சரக்கின் தரமும் கைகொடுக்கவில்லை. 2014இல் பெரிய ஆரவாரத்தோடு விட்ட ஆர்51 கைத்துப்பாக்கியைச் சில மாதங்களிலேயே திரும்பப் பெற வேண்டியிருந்தது. 700 மாடல் ரைஃபிள்களின் ட்ரிகர் தொடாமலே சுட்டுவிடுகிறது என்ற பல வருட வழக்குகள், அந்த ஆண்டுக் கடைசியில் சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளுக்கு ட்ரிகர் மாற்றித் தரும் சமரசத்துக்கு வந்தன.

முதல் திவால், இரண்டாம் திவால்

2016இல் ரெமிங்டனின் விற்பனை 86.5 கோடி டாலர். 2017இல் 60.3 கோடி. கடன் சுமார் 95 கோடி. ஒரு வருட மொத்த விற்பனையைப்போல ஒன்றரை மடங்கு கடன். லாபத்தைப் போல அல்ல, விற்பனையைப் போல! 2018 பிப்ரவரி 12இல் கடன்காரர்களோடு உடன்பாடு ஆகிவிட்டது என்றார்கள். இரண்டு நாள் கழித்து ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். மார்ச் 24 அன்று துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு மாணவர்கள் வாஷிங்டனில் லட்சக்கணக்கில் திரண்டார்கள். மறுநாள் ரெமிங்டன் திவால் மனு போட்டது. இந்த முறை பள்ளிப் படுகொலைக்குப் பின் கடைகளில் பழைய பீதி வரவில்லை. வெள்ளை மாளிகையில் டிரம்ப் இருக்கும்போது தடை வரும் என்று யாரும் நம்பவில்லை.

மே மாதம் திவாலிலிருந்து வெளியே வந்தது. 77.5 கோடி டாலர் கடன் பங்காக மாறி, கடன் கொடுத்தவர்களே முதலாளி ஆனார்கள். செர்பரஸ் வெளியேறியது. கேள்விப்பட்டால் பிழைத்துவிட்டார்கள் போலத் தோன்றும். ஆனால் பழைய கடனில் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டே இருந்தது, பாதி காலியான ஹன்ட்ஸ்வில் ஆலை இருந்தது, பெயர் கெட்ட சரக்கு இருந்தது. முதலாளிகளோ துப்பாக்கி செய்ய வந்தவர்கள் அல்ல, கொடுத்த கடனை மீட்க வந்தவர்கள். 2019 விற்பனை சுமார் 44 கோடி. மூன்றே வருடத்தில் பாதி.

2020 மார்ச்சில் அலை திரும்பியபோது ரெமிங்டனிடம் இரும்பு வாங்கப் பணம் இல்லை. நடைமுறை மூலதனம் வற்றிப்போயிருந்தது. வங்கிகளோ பார்க்லேண்டுக்குப் பிறகு இந்தத் தொழில் என்றாலே இரண்டடி தள்ளி நின்றன. வாசலில் வாடிக்கையாளர் வரிசை, உள்ளே மெஷின், ஆள், எல்லாம் இருந்தும் உற்பத்தியைக் கூட்ட முடியவில்லை. ஜூலை 27 அன்று இரண்டாவது மனு. அரிசோனா பக்கத்து நவஹோ பழங்குடி நாடு வாங்கப் பேச்சு நடத்தி, அது முறிந்தது. செப்டம்பரில் கூறுபோட்டு ஏலம் விட்டார்கள்.

அர்கன்சாவின் லோனோக் தோட்டா ஆலையும் ரெமிங்டன் என்ற பெயரும் விஸ்டா அவுட்டோர் கம்பெனிக்கு, 8.14 கோடி டாலர். பார்ன்ஸ் தோட்டா சியரா புல்லட்ஸுக்கு, 3.05 கோடி. இலியன் ஆலையும் ரெமிங்டன் துப்பாக்கித் தொழிலும் ரவுண்ட்ஹில் என்ற முதலீட்டுக் குழுவுக்கு, வெறும் 1.3 கோடி. பெயரையும் தோட்டாவையும் வாங்க எட்டுக் கோடி கொடுத்தார்கள், 200 வருடத் துப்பாக்கித் தொழிலுக்கு 1.3 கோடிதான் தேறியது. மொத்தமாகக் கூட்டினாலும் 16 கோடி டாலரை எட்டவில்லை.

சாண்டி ஹூக் குடும்பங்கள் போட்ட வழக்குதான் கம்பெனியை முடித்தது என்று துப்பாக்கி ஆதரவாளர்கள் சிலர் சொல்வதுண்டு. தேதியைப் பார்த்தால் பொருந்தவில்லை. அந்த வழக்கில் 7.3 கோடி டாலர் சமரசம் வந்தது 2022 பிப்ரவரியில். கம்பெனி செத்து ஒன்றரை வருடம் கழித்து. கொடுத்ததும் நான்கு காப்பீட்டுக் கம்பெனிகள்.

அதே மழையில் நனைந்த இன்னொருவர்

ரூகரை எடுத்துக்கொள்வோம். கனெக்டிகட்டின் சவுத்போர்ட்டில் தலைமையகம், பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி. 2016 விற்பனை 66.4 கோடி டாலர். 2017இல் 52.2, 2018இல் 49.6, 2019இல் 41. மூன்று வருடத்தில் நூற்றுக்கு முப்பத்தெட்டு போச்சு. ரெமிங்டன் பட்ட அடிக்கு ரொம்பக் குறைந்ததில்லை.

ஆனால் ரூகருக்குக் கடன் கிடையாது. பங்குதாரருக்குக் கொடுக்கும் ஈவுத்தொகையும் நிலையான தொகை இல்லை. ஒவ்வொரு காலாண்டு லாபத்திலும் சுமார் 40 சதவீதம். லாபம் குறைந்தால் ஈவும் தானாகக் குறையும். யாரிடமும் போய்த் தலையைச் சொறிய வேண்டாம். இன்னொன்று, மொத்த வியாபாரிக்குத் தான் எவ்வளவு விற்றோம் என்பதோடு, மொத்த வியாபாரி கடைக்கு எவ்வளவு விற்றார் என்ற மதிப்பீட்டையும் ஒவ்வொரு காலாண்டும் வெளியிடுவார்கள். ஆலைக் கணக்கை மட்டும் பார்த்துக் குஷியாகாமல், சரக்கு நடுவில் தேங்குகிறதா என்று பார்க்கும் பழக்கம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவர்கள்.

2020இல் விற்பனை 56.9 கோடிக்கு ஏறியது, 2021இல் 73.1 கோடி. ரெமிங்டன் ஏலத்தில் மார்லினை எடுத்தவர்கள் இவர்கள்தான். சுமார் 3 கோடி டாலர், கையிருப்புப் பணத்தில்.

அதற்காக ரூகர்காரர்கள் மந்தத்தை ஜெயித்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். மந்தம் மறுபடி வந்தது. 2020இல் 2.1 கோடியாக இருந்த சோதனைகள் 2021இல் 1.85, 2022இல் 1.64, 2023இல் 1.58 கோடி என்று இறங்கின. ரூகர் விற்பனை 2023இல் 54.4 கோடி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2021 ஏப்ரலில் முடிந்த ஆண்டில் தன் வரலாற்றில் முதல்முறையாக 100 கோடி டாலரைத் தாண்டி, இரண்டே வருடத்தில் 47.9 கோடிக்கு வந்தது. பாதிக்கும் கீழே! அதுவும் நின்றுகொண்டிருக்கிறது. சின்னவர்கள் நிற்கவில்லை. 2011இல் புஷ்மாஸ்டரின் மெய்ன் ஆலையை மூடியபோது, அதை செர்பரஸுக்கு விற்ற பழைய முதலாளியே அதே கட்டடத்தில் பழைய தொழிலாளிகளைக் கூப்பிட்டு விண்டம் வெப்பன்ரி என்று புதிதாகத் தொடங்கியிருந்தார். 2023இல் அதுவும் மூடியது.

ஆர்இபி

ரவுண்ட்ஹில் குழு 2021 வசந்தத்தில் இலியன் ஆலையைத் திறந்து கொஞ்சம் பேரைத் திரும்பக் கூப்பிட்டது. பெயர் ரெம்ஆர்ம்ஸ். ரெமிங்டன் என்ற முழுப் பெயர் விஸ்டாவிடம் போய்விட்டதே. அந்த நவம்பரிலேயே ஜார்ஜியாவின் லக்ரேஞ்சில் புது ஆலை என்ற அறிவிப்பு வந்தபோது ஊருக்குப் புரிந்துவிட்டது. 2023 நவம்பர் 30 தேதியிட்ட கடிதம் தொழிற்சங்கத்துக்கு வந்தது. சுமார் பத்து லட்சம் சதுர அடி, பல கட்டடங்கள், பலதும் முதல் உலகப் போர்க் காலத்தவை, பராமரிப்பும் காப்பீடும் கட்டுப்படியாகவில்லை என்றது கடிதம். பொய் என்று சொல்ல முடியாது. செங்கல் சுவர், நான்கு மாடி, ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு லிஃப்டில் போகும் இரும்புச் சாமான். இன்றைக்கு யாரும் அப்படி ஆலை கட்டுவதில்லை. 2024 மார்ச்சில் மீதமிருந்த சுமார் 270 பேரும் வெளியே வந்தார்கள்.

மார்லின் மெஷின்களையும் வரைபடங்களையும் ரூகர் வட கரோலினாவின் மாயோடனுக்குக் கொண்டுபோய், அளவுகளைத் திரும்ப எடுத்து, 2021 டிசம்பரில் முதல் ரைஃபிளை அனுப்பியது. இப்போது அமெரிக்காவில் பழைய துப்பாக்கிக் கடையில் மார்லின் வாங்க வருகிறவர்கள் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் குழாயைத் திருப்பி, முத்திரை எழுத்தைத் தேடுகிறார்கள். ‘ஜேஎம்’ என்றிருந்தால் நார்த் ஹேவன் சரக்கு, விலை பேசாமல் எடுப்பார்கள். வரிசை எண் ‘ஆர்எம்’ என்று தொடங்கினால் மாயோடன். ‘ஆர்இபி’ என்றிருந்தால் ரெமிங்டன் காலத்தது. அதைக் கண்டால் லீவரை இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ஐம்பது நூறு குறைத்துக் கேட்பார்கள்.